சைக்கிளில் வரும் அறிவியல் வகுப்பு: சந்தேகங்களும் விளக்கங்களும்

தை பிறந்து சம்பா அறுவடை முடிகிற சமயம். அரிதாளுக்கு நடுவே உளுந்தும் பச்சைப் பயறும் தலைகாட்டுகின்றன. அந்த நாட்களில் கல்லூரி மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சைக்கிளில் கிளம்பி, பூம்புகாரில் தொடங்கிக் கல்லணை வரை ஊர் ஊராகத் தங்கி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு அறிவியல் சோதனைகளைச் செய்து பார்த்துவிட்டு வரலாமா? தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இப்படியொரு யோசனையைச் சொன்னால் முதலில் முகங்கள் மலரும். பிறகு கேள்விகள் வரும். பெற்றோருக்குப் பிள்ளையின் பாதுகாப்பு பற்றி, தலைமையாசிரியருக்குப் பள்ளியின் பொறுப்பு பற்றி, ஊராருக்கு வந்து போகிறவர்களின் நோக்கம் பற்றி. எல்லாமே நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் வைத்திராத குழு சைக்கிளை எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இதற்கு முன்னால் யாராவது செய்திருக்கிறார்களா, நம் பிள்ளைகள்தான் முதல் சோதனையா?

செய்திருக்கிறார்கள். அதுவும் நம் பக்கத்திலேயே. சென்னையில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் சேர்ந்து 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், அறிவியலை ஆய்வுக்கூடத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவருவதையே வேலையாக எடுத்துக்கொண்டது. 1987-ல் நாடு முழுவதும் மக்கள் அறிவியல் அமைப்புகள் சேர்ந்து ஒரு பெரும் பயணம் நடத்தின. அக்டோபர் 2 அன்று ஐந்து திசைகளிலிருந்து கிளம்பிய குழுக்கள் பாட்டும் நாடகமுமாக ஊர்களைக் கடந்து, நவம்பர் 7 அன்று போபாலில் கூடின. நவம்பர் 7 சர் சி.வி.ராமனும் மேரி கியூரியும் பிறந்த நாள். போபால், 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட ஊர். அறிவியலின் பெருமையையும் அதைப் பொறுப்பில்லாமல் கையாண்டால் நேரும் கேட்டையும் ஒரே மேடையில் பேசிய பயணம் அது. சிறுவர்களுக்காக அறிவியல் இயக்கம் நடத்தும் ‘துளிர்’ மாத இதழும் அதே ஆண்டில்தான் பிறந்தது.

சைக்கிள் என்று வந்தால் புதுக்கோட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய தஞ்சை மாவட்டத்தின் ஒரு பகுதியையும் திருச்சியின் ஒரு பகுதியையும் சேர்த்து 1974-ல் உருவான மாவட்டம் அது. 1991-ல் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, கற்றுக்கொடுக்க முன்வந்த பெண்கள் ஊர் விட்டு ஊர் போக வழி இல்லாமல் தவித்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத், சைக்கிள் ஓட்டுவதையும் அறிவொளிப் பாடத்தின் பகுதியாக ஆக்கினார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். 1992-ல் நடந்த போட்டியும் காட்சியுமான விழாவில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் பல பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதால் சிலருக்கு அதுதான் வசதியாகவும் இருந்தது.

மாணவர்கள் செய்த பயணத்துக்கும் முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் 2013-ல் எம்.ஐ.டி. மாணவர்கள் உள்ளிட்ட சிலர் ‘ஸ்போக்ஸ்’ என்ற பெயரில் நாட்டின் குறுக்கே சைக்கிளில் சென்று, வழியில் தங்கிய ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பயிலரங்குகள் நடத்தினார்கள். தமிழக அரசே 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் ‘வானவில் மன்றம்’ திட்டத்தைத் தொடங்கியது. சோதனைப் பொருட்களை எடுத்துக்கொண்டு கருத்தாளர்கள் இரு சக்கர வாகனத்தில் அரசுப் பள்ளிகளுக்குப் போய், 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு அறிவியலையும் கணிதத்தையும் செய்துகாட்டும் திட்டம் அது. ஆக, பாதை போட்டாகிவிட்டது. மாணவர்கள் அதில் சைக்கிளை விடப்போகிறார்கள், அவ்வளவுதான்.

பஸ் இருக்கிறது, வேன் இருக்கிறது. சைக்கிள் எதற்கு?

வேனில் போகிறவர்கள் பள்ளி வாசலில் இறங்கி, நிகழ்ச்சி முடிந்ததும் ஏறிவிடுவார்கள். சைக்கிளில் போகிறவர்கள் டீக்கடையில் நிற்க வேண்டும், வழி கேட்க வேண்டும், பஞ்சர் ஒட்ட உட்கார வேண்டும். ஊரோடு பேச்சு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பள்ளிக்குள் நுழையும்போது அவர்கள் பாதி தெரிந்தவர்கள்.

அதைவிட முக்கியமான காரணம், சைக்கிள் என்பது ஊர்ப் பிள்ளைகள் ஏற்கெனவே கையாண்டு பழகிய எந்திரம். அரசு விலையில்லாச் சைக்கிள் தரத் தொடங்கியது 2001-ல்; முதலில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று வந்த திட்டம் பிறகு விரிந்தது. இன்று டெல்டாவில் அரசு சைக்கிள் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் போதும், வகுப்பு தயார்.

முன்னால் பெடலோடு சேர்ந்த பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். டயரில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து ஒரு சுற்று உருட்டி, தரையை டேப்பால் அளந்தால் 28 அங்குலச் சக்கரத்துக்கு 2 மீட்டர் 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். ஆக, ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டர் என்றால் எத்தனை சுற்று மிதிக்க வேண்டும்? விடை 180-க்குப் பக்கத்தில் வரும். மறுநாள் காலையில் எண்ணிக்கொண்டே வந்து சரிபார்க்கலாம். விகிதமும் வட்டச் சுற்றளவும் பாடப் புத்தகத்திலிருந்து இறங்கிக் காலுக்கடியில் வந்துவிட்டன.

காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி ஏன் சுடுகிறது? சுழலும் சக்கரத்தின் அச்சை இரு கையாலும் பிடித்துக்கொண்டு திருப்பினால் ஏன் கை முறுக்குகிறது? பழைய சைக்கிள் ஒன்றில் டைனமோ கிடைத்தால், ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த மின்தூண்டலை அந்த இடத்திலேயே காட்டலாம். அரவிந்த் குப்தா சைக்கிளின் வால்வ் டியூபைத் துண்டுகளாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி முக்கோணம், சதுரம், பிரமிடு எல்லாம் செய்யப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். முக்கோணம் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும். கூரைச் சட்டத்திலும் பாலத்திலும் முக்கோணம் ஏன் இருக்கிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லிக்கொடுத்த அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒரு நாள் வந்து வேடிக்கை காட்டிவிட்டுப் போவதால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

எல்லாச் சந்தேகங்களிலும் கனமானது இதுதான். ஒரு நாள் வேடிக்கையோடு நிறுத்திக்கொண்டால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. வண்ணம் மாறும் திரவத்தையும் பறக்கும் பலூனையும் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். மறுநாள் அதே கரும்பலகை, அதே கேள்வி-பதில்.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து, தாங்களே முடிவுக்கு வர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவி, 2002-ல் அரசு நிறுத்தும்வரை நடந்தது. முப்பது ஆண்டு அது நீடித்ததற்குக் காரணம், ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். சோதனைப் பெட்டி பள்ளியிலேயே இருந்தது. ஆசிரியர்கள் மாதாமாதம் கூடிப் பேசினார்கள். பரீட்சையே புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதுவதாக மாற்றப்பட்டது. வெளியிலிருந்து வந்தவர்களை மட்டும் நம்பியிருந்தால் ஓர் ஆண்டைத் தாண்டியிருக்காது.

சைக்கிள் குழு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. தூரத்தைக் குறைத்துத் தங்கலைக் கூட்ட வேண்டும். பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறை, ஆடுதுறை, கும்பகோணம், திருவையாறு வழியாகக் கல்லணைக்குச் சுமார் 150 கிலோமீட்டர். நன்றாக ஓட்டுகிறவர் இரண்டு நாளில் முடித்துவிடுவார். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டு ஐந்து ஊரில் மட்டும் நின்றால்தான் பயன். ஓர் ஊரில் இரண்டு முழு நாள். முதல் நாள் பிள்ளைகள் செய்ததை, இரண்டாம் நாள் அதே பிள்ளைகள் கீழ் வகுப்புக்குச் செய்து காட்டட்டும். பள்ளியின் அறிவியல் ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்ப்பவராக இல்லாமல், பயணத்துக்கு முன்பே சோதனைகளைத் தேர்ந்தெடுப்பவராக இருக்கட்டும்.

போகும்போது ஒரு பெட்டியை விட்டுவிட்டு வர வேண்டும். உள்ளூரில் வாங்கக்கூடிய பொருட்களே அதில் இருக்க வேண்டும். உடைந்தால் வாத்தியார் பெட்டிக்கடையில் வாங்கி வைத்துவிடலாம். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலர்களைத் தெருவிலேயே பாடம் நடத்தவைத்த திட்டம். அதில் பணியாற்றிய பெண்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது முதல் நாளிலிருந்து குழுவோடு சேர்த்துக்கொண்டால், சைக்கிள்கள் போன பிறகும் வகுப்பு நடக்கும். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆய்வு செய்து சமர்ப்பிக்கலாம். ஐந்து பள்ளிகளில் இரண்டு பள்ளியிலிருந்தாவது அப்படி ஓர் ஆய்வு கிளம்பினால் பயணம் வெற்றி என்று நான் சொல்வேன். எத்தனை கிலோமீட்டர் போனார்கள் என்பதை வைத்து மதிப்பிட வேண்டாம்.

டெல்டாப் பிள்ளைகளுக்கு என்ன பாடம் நடத்துவார்கள்? ராக்கெட்டா?

ராக்கெட்டும் இருக்கட்டும். ஆனால் முதல் பாடம் அவர்கள் வீட்டு நெல்லிலிருந்து வர வேண்டும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள் என்பதும், மழைக் காலத்தில் அந்த வரம்பைத் தளர்த்தக் கேட்டு விவசாயிகள் போராடுவதும் டெல்டாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். இப்போது ஒரு கணக்கு. 22 சதவீத ஈரம் உள்ள 100 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை எவ்வளவு குறையும்? வகுப்பே ஐந்து கிலோ என்று சொல்லும். பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் காய்வது தண்ணீர் மட்டும்தான்; 78 கிலோ உலர்பொருள் அப்படியே இருக்கும். கடைசியில் அந்த 78 கிலோ மொத்த எடையில் 83 சதவீதமாக வேண்டும். 78-ஐ 0.83-ஆல் வகுத்தால் 94 கிலோ. ஆக, குறைவது ஆறு கிலோ. 40 கிலோ சிப்பம் கணக்கில் அப்பாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள் என்று விட்டுவிட்டால், அன்றிரவு வீட்டுத் திண்ணையில் சதவீதப் பாடம் தொடரும். ஒரு கைப்பிடி நெல்லைத் தராசில் எடைபோட்டு, வெயிலில் பரப்பி, மணிக்கு ஒரு தரம் எடைபார்த்து வரைபடம் போட்டால் அது முழுமையான சோதனை.

அடுத்தது தண்ணீர். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாகப்பட்டினம் கடற்கரை அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர்தான் சரிவு. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர ஏன் அத்தனை நாள் ஆகிறது, ஐப்பசி மழையில் வயலில் ஏறிய வெள்ளம் ஏன் வடிய மாட்டேன் என்கிறது என்பதற்கெல்லாம் இந்தச் சரிவு ஒரு பெரிய காரணம். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு பள்ளி மைதானத்தின் மேடு பள்ளத்தைப் பிள்ளைகளே அளக்கலாம். மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, மழை வந்ததும் சரிபார்க்கலாம். கல்லணையைக் கட்டிய கைகளுக்கும் இந்த மட்டக் கணக்குதான் அடிப்படையாக இருந்திருக்க வேண்டும்.

மற்றப் பயிர் நீரில் நின்றால் அழுகிவிடுகிறது, நெல் மட்டும் எப்படி நிற்கிறது? குளத்து அல்லித் தண்டை நறுக்கி, ஒரு முனையைத் தண்ணீருக்குள் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். தண்டுக்குள் காற்று போகும் வழி தெரியும். நெல்லின் வேரிலும் தண்டிலும் இப்படிக் காற்றறைகள் உண்டு. இலை எடுக்கும் காற்று வேர் வரை இறங்குகிறது. முழுக்க மூழ்கினால் அதுவும் மூச்சுத் திணறும். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீண்டெழும் மரபணுவைச் சேர்த்துத்தான் சிஆர் 1009 சப்-1 ரகத்தை உருவாக்கினார்கள். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று விவசாயி சொல்கிற முறையைத் துளையிட்ட ஒரு குழாயை வயலில் புதைத்து அளக்கலாம்: மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே நீர் இறங்கும்வரை காத்திருந்து பாய்ச்சினால் விளைச்சல் குறையாது, தண்ணீர் மிஞ்சும், தேங்கிய நீரில் உண்டாகும் மீத்தேன் வாயுவும் குறையும். ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. பயணம் அந்த வழியாகத்தான் போகிறது என்பதால், முன்அனுமதி வாங்கிப் பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போவது நல்லது. ஏடிடி என்று பெயர் தொடங்கும் ரகங்கள் தங்கள் பக்கத்து ஊரின் பெயரைச் சுமப்பவை என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை விட்டுவிடக் கூடாது. அடியில் கனம், மேலே லேசு. எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். ஈர்ப்பு மையம் என்று புத்தகத்தில் நான்கு வரி படிப்பதைக் காட்டிலும், முட்டை ஓட்டில் களிமண் அடைத்து ஒன்று செய்து பார்ப்பது மேல்.

தமிழ் இலக்கியமும் வணிகவியலும் படிக்கிற மாணவர் அறிவியல் சொல்லித்தரலாமா?

தாராளமாக. ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்புச் சோதனைகள்தானே. ஒவ்வொரு சோதனையையும் கிளம்புமுன் பலமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் “எனக்குத் தெரியாது, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று திருப்பிக் கேட்கும் துணிவு வேண்டும். தப்பான விடையை அடித்துச் சொல்லிவிட்டு வருபவர் பட்டம் பெற்ற இயற்பியலாளராக இருந்தாலும் குழுவுக்கு வேண்டாம்.

எந்த மாதம் போவது? வெயிலும் மழையும் சும்மா விடுமா?

அக்டோபர் பாதி முதல் டிசம்பர் வரை கூடவே கூடாது. வடகிழக்குப் பருவமழை; புயலும் அப்போதுதான். 2018 நவம்பர் 16 கஜா அடித்த அடியை வேதாரண்யம் இன்னும் மறக்கவில்லை. ஏப்ரல், மே வெயிலில் பள்ளியும் இருக்காது. பொங்கல் கழிந்து பிப்ரவரி பாதி வரை உள்ள நாட்களே சரி. அதற்குப் பிறகு பொதுத்தேர்வு வேலை தொடங்கிவிடும்.

அந்தச் சமயத்தில் காற்று கடலிலிருந்து உள்நாட்டுப் பக்கம் வீசும். அதனால்தான் பூம்புகாரில் தொடங்கி மேற்கே போகச் சொல்கிறேன். காற்றும் காலை வெயிலும் முதுகில் இருக்கும். ஆடி மாதத்தில் போனால் மேல்காற்று எதிரே நிற்கும், அப்போது கல்லணையிலிருந்து கிழக்கே வர வேண்டும். காலை ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் முடித்துக்கொண்டால், நாளுக்கு 25, 30 கிலோமீட்டர் யாருக்கும் சுமையாகாது. தட்டை நிலம் என்பதால் கியர் வைத்த விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. அரசு சைக்கிளே போதும். சீட்டின் உயரத்தை மட்டும் சரிசெய்யுங்கள், காலை முழுதும் நீட்டினால் பெடல் எட்டும் அளவுக்கு.

ரோட்டை நினைத்தாலே பயமாக இருக்கிறதே?

பயம் சரியானது. தேசிய நெடுஞ்சாலையை முடிந்தவரை தவிர்த்து, ஆற்றங்கரைச் சாலைகளையும் ஊராட்சிச் சாலைகளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் அவற்றிலும் ஆபத்து உண்டு: கொள்முதல் நிலைய வாசலில் வரிசைகட்டும் லாரிகள், சாலை அகலத்தையே அடைத்துக்கொண்டு வரும் அறுவடை எந்திரம், வைக்கோல் ஏற்றிப் பின்னால் ஒன்றும் தெரியாமல் போகும் டிராக்டர். காயப்போட்ட நெல்லின் மேல் பிரேக் பிடித்தால் சைக்கிள் வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே அந்த நெல்லுக்கும் மரியாதை.

தலைக்கவசம் இல்லாதவர் வரக் கூடாது. இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. ஒருவர் பின் ஒருவராக, முன்னாலும் கடைசியிலும் அனுபவமுள்ளவர். குழுவில் இருவருக்காவது பஞ்சர் ஒட்டவும் முதலுதவி செய்யவும் தெரிய வேண்டும். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். இன்னொன்று, ஆற்றில் இறங்கிக் குளிக்கவே கூடாது. மணல் அள்ளிய பள்ளமும் மதகடிச் சுழலும் வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே செத்திருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?

குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றே சொல்வேன். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, இயற்பியல் படிக்கும் அக்கா ஒருத்தி சைக்கிளில் வந்து இறங்குவதைப் பார்ப்பதே பாதிப் பாடம். பீகாரில் 2006-ல் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்ததன் விளைவை கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியதாகவும், ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டார்கள்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் திட்டவட்டமானவை. இரவு எங்கே தங்கல்? கழிப்பறை உண்டா, உள்தாழ்ப்பாள் உண்டா? கூட வரும் ஆசிரியை யார்? தினமும் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் பேசுவார்கள்? மாதவிடாய் நாளில் ஓட்ட முடியாதவர் பின்னால் வரும் வாகனத்தில் வர வழி இருக்கிறதா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வராதவரை கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிட்டால், “ஊர் என்ன சொல்லும்” என்ற ஒன்றுக்காக மட்டும் நிறுத்தாதீர்கள். முப்பது ஆண்டுக்கு முன்பே புதுக்கோட்டைப் பெண்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று.

வெளியாட்கள் பள்ளிக்குள் வருவது ஆசிரியருக்குத் தொந்தரவு இல்லையா? பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா?

அனுமதி இல்லாமல் வந்தால் தொந்தரவுதான். முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி, தலைமையாசிரியரின் ஒப்புதல், பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தகவல், மூன்றும் வேண்டும். “உங்க சார் சொல்லித்தராததை நாங்க சொல்லித்தர்றோம்” என்ற தொனி ஒரு வார்த்தையில்கூட வரக் கூடாது. வருடம் முழுக்க அந்தப் பிள்ளைகளோடு இருப்பவர் அவர். வந்தவர்கள் இரண்டு நாள் விருந்தாளிகள்.

பிள்ளையோடு எந்தத் தன்னார்வலரும் தனி அறையில் இருக்கக் கூடாது. ஆசிரியர் எப்போதும் உடன் இருக்க வேண்டும். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதமின்றி எடுக்கவோ சமூக ஊடகத்தில் போடவோ கூடாது. செல்பேசி எண் வாங்கக் கூடாது. ஏதாவது தவறாகப் பட்டால் 1098-ஐ அழைக்கலாம் என்று பிள்ளைகளுக்கே சொல்லிவைக்க வேண்டும். நெருப்பு, அமிலம், 230 வோல்ட் மின்சாரம் மூன்றும் சோதனைப் பட்டியலிலேயே வேண்டாம். டார்ச் செல் போதும்.

கல்லூரிப் படிப்பு கெடாதா? செலவு யார் தலையில்?

1969-லிருந்து நடக்கும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. கல்லூரி மனம் வைத்தால் பயணத்தை அந்தக் கணக்கிலேயே கொண்டுவரலாம். தங்கல் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ, சாப்பாடு ஊரோடு. சைக்கிள் அவரவர் சொந்தம். சோதனைப் பெட்டிக்கும் பின்தொடரும் வாகனத்துக்கும்தான் பணம் வேண்டும். அதைப் பழைய மாணவர் சங்கத்திடம் கேளுங்கள். விளம்பரப் பதாகையும் சட்டையில் பெயரும் கேட்கும் புரவலரைத் தவிர்ப்பது நல்லது. பள்ளிக்குள் அதற்கு இடமில்லை.

சாமி இல்லை என்று சொல்லிக்கொடுக்க வருகிறார்களா?

இல்லை. கோயில் ஊர்களில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. குழு யாருடைய வழிபாட்டையும் பற்றிப் பேச வரவில்லை. அதே சமயம், கிரகணம் ஏன் வருகிறது என்று பிள்ளை கேட்டால் பந்தையும் விளக்கையும் வைத்து உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும், மழுப்பக் கூடாது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவே சொல்கிறது. 1976-ல் சேர்த்த பிரிவு அது.

யார் தொடங்குவது? எப்போது?

கல்லூரியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பக்கத்துக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினாலும் போதும். தையில் கிளம்ப வேண்டுமானால் அந்தக் கடிதம் ஆவணிக்குள் போக வேண்டும். அனுமதி வாங்க, ஊர்களைப் போய்ப் பார்க்க, ஆசிரியர்களோடு உட்கார்ந்து சோதனைகளை முடிவுசெய்ய, மழைக்காலம் தொடங்கும்முன் ஒருமுறை அந்தச் சாலையில் ஓட்டிப் பார்க்க அவ்வளவு நாள் பிடிக்கும். முதல் ஆண்டு 150 கிலோமீட்டர் வேண்டாம். உங்கள் ஒன்றியத்துக்குள் மூன்று பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே மூன்று பள்ளிக்கும் திரும்பிப் போங்கள்.